உடனே வந்த பதில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று போனில் உன்னிடம் கத்திவிட்டுப் பாதியிலேயே வைத்துவிட்டேன். ஏன் என்று எழுதுகிறேன். இனி நமக்குள் மின்னஞ்சல்தான், வாட்ஸப்பையே எடுத்துவிட்டேன்.

போன வாரம் உன் நம்பரிலிருந்து, உன் போட்டோவோடு, "எப்படி இருக்கே?" என்று வந்தது. நான் பதில் போட்டதும் மறுநொடியே அடுத்த பதில். நீயா! நான் ஏதாவது கேட்டால், கேட்டது எனக்கே மறந்தபிறகு "ம்" என்று போடுகிற ஆளாயிற்றே. கடையில் மூக்குக்கண்ணாடிச் சில்லு தேய்த்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் பேசினோம். சாப்பிட்டியா என்று கேட்டாய், நேரத்துக்குத் தூங்கு என்றாய். இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பாசம் வந்தது என்று பூரித்துப் போனேன்.

பிறகு, என் போனுக்கு ஓ.டி.பி. எண் ஒன்று வரும், அதை அனுப்பு என்று கேட்டாய். வாயாலேயே சொல்லிவிடலாமே என்று நேற்று உன்னைக் கூப்பிட்டேன். "எந்த எண்? நான் உனக்கு மெசேஜ் போட்டே ஒரு மாசமாச்சே" என்றாய்.

அப்படியென்றால் இரண்டு நாளாக நான் பேசியது ஏதோ ஒரு திருடனோடு. அதுதான் கத்தினேன்.

உன்
சில்வண்டு

மார்ச் 4, மாலை

சில்வண்டே,

அன்றைக்கே பதில் வந்திருக்கிறதே, இதுவும் திருடனோ என்று நினைக்காதே. உன் முன்பல் உடைந்தது சைக்கிளிலிருந்து விழுந்ததால் அல்ல, என் முழங்கையால். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. போதுமா?

துறைமுகத்தில் ஷிப்ட் மாறியிருக்கிறது என்று ஒரு லிங்க் வந்தது. தட்டினேன். அத்தோடு என் வாட்ஸப் கணக்கு திருடன் கைக்குப் போய்விட்டது. போனதுகூட எனக்குத் தெரியவில்லை, மெசேஜ் ஏதாவது வந்தால்தானே நான் திறந்து பார்ப்பேன்! கிரேனில் ஏறும்போது போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட வேண்டும். இறங்கியதும் நீ எழுதியதைப் படிப்பேன். வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போடுவேன். அது அப்படியே அடியில் போய்விடும். உன்மேல் அக்கறை இல்லாமல் இல்லை.

வாட்ஸப் கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டேன். நீ அவனிடம் என்னென்ன சொன்னாய்? மறைக்காமல் எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

இந்த முறை தாமதம் என்னுடையது.

அந்த எண்ணையோ பாஸ்வேர்டையோ சொல்லவில்லை, பயப்படாதே. நான் சொன்னது வேறு. உன் மாப்பிள்ளையும் நானும் பிரிந்துவிட்டோம். மழைக்காலத்திலிருந்தே கடைக்கு மேலே உள்ள அறையில் தனியாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் பலமுறை "பேசணும்" என்று போட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று நீல டிக் காட்டும். அதற்குமேல் எதுவும் வராது. தங்கச்சி பேச்சு யாருக்கு வேணும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நீ என்று நினைத்த அந்தத் திருடன் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "கவலைப்படாதே, அண்ணன் இருக்கேன்ல" என்று எழுதினான். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நிம்மதியாகத் தூங்கினேன். ஏமாந்தது தெரிந்த பிறகும் அந்த ஒரு வரிக்காக அவன்மேல் முழுசாகக் கோபம் வர மாட்டேன் என்கிறது. உன்மேல்தான் வந்தது.

நீ பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். பார்த்தேன், பிறகு பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் காத்திருந்திருப்பேன்.

சில்வண்டு

மார்ச் 16

அம்மாடி,

லாக்கர் அறையிலேயே படித்தேன். படித்துவிட்டு மேலே ஏற முடியவில்லை. மனசு வேறெங்கோ இருக்கும்போது அந்த உயரத்தில் உட்காரக்கூடாது.

நான் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொல்லிவிட்டான். அதையே திருப்பி எழுதினால் உனக்கு அவன் ஞாபகம்தான் வரும். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

மேஸ்திரியிடம் போய் லீவு கேட்டேன். என்ன விஷயம் என்றார். தங்கச்சிக்கு பதில் சொல்லணும் என்றேன். "அதுக்கு லீவு எதுக்குப்பா? போன்லயே சொல்லலாமே" என்றார்.

"இல்லண்ணே, போன்ல சொல்ற நேரமெல்லாம் தாண்டிடுச்சு" என்றேன்.

லீவுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நாளை காலை ரயிலில் வருகிறேன். மாப்பிள்ளையைப் பற்றி நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை இரண்டு பேருமாக யோசிக்கலாம்.

இதற்கு நீ பதில் போட வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

அண்ணன்