பன்னிரண்டாவது நாற்காலி

அக்கா,

போன பெரிய வியாழனன்று நம் கோயிலில் உங்கள் காலைக் கழுவ மறுத்தார்கள். அவர்களே வந்து அழைத்து, வெள்ளை அங்கியையும் கையில் கொடுத்துவிட்டு, பூசை தொடங்கப்போகிற நேரத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காலில் புண் இருந்தது என்பதுதான் காரணம். இதை இன்னும் மென்மையாகச் சொல்ல வழி இருக்கலாம். அந்த வழி தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் தேடப்போவதில்லை.

இன்று காலை, படுக்கையில் கிடக்கும் கருப்பையாவுக்குக் கட்டுத்துணியும் களிம்பும் வாங்கக் காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறினேன். புதுவயல் அரிசி மில்களைத் தாண்டும்போது அவித்த நெல்லின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீங்கள் வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் உங்கள் சேலையை விட்டு அந்த வாடை போகாது. "எந்தச் சோப்புக்கும் போக மாட்டேங்குது தம்பி. இருக்கட்டும், ஆண்டவருக்கும் சோத்து நெனப்பு வரட்டும்" என்பீர்கள்.

நான் அதில் ஒரு மில்லில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். நீங்கள் அதே மில்லின் களத்தில் நெல் காயவைத்தீர்கள். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பியதும் பெண்கள் வரிசையாக அதற்குள் இறங்கி, காலால் உழுதுகொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பீர்கள். உச்சி வெயிலில் அந்தச் சிமெண்டில் நான் ஸ்பேனரைக் கூட வைக்க மாட்டேன், எடுக்கும்போது கை சுடும். அதில்தான் உங்கள் கால் நாள் முழுக்க நடந்தது. பாதத்தில் வெடிப்பு விழுந்து, வெடிப்பில் உமி குத்தி, பிறகு சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ஒரு கட்டத்தில் காலில் உணர்வே போய்விட்டது. "இப்பச் சுடுறதே தெரியல தம்பி, நல்லதாப் போச்சு" என்று நீங்கள் சொன்னபோது மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மாலையில் களம் கூட்டி முடிந்ததும் நீங்கள் நேரே வீட்டுக்குப் போனதில்லை. மில்லுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் கடைசி அறைக்குப் போவீர்கள். மில்லில் மூட்டை தூக்கிய கருப்பையா அங்கே பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். பெண்சாதி இல்லை, மகன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. அவரை நீங்கள் புரட்டி, துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவீர்கள். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டீர்கள். அன்றிலிருந்து நானும் வந்தேன்.

கருப்பையாவுக்குப் பாதி வாய்தான் அசையும். அந்தப் பாதி வாயாலும் சும்மா இருக்க மாட்டார்.

"ஏத்தா, என்னய ஒங்க வேதத்துல சேக்கத்தான இம்புட்டுப் பாடு படுற?"

"ஒன்னயச் சேத்தா கோயிலுக்கு எவன்யா தூக்கிட்டுப் போறது? பேசாமத் திரும்பிப் படு."

"முனியய்யாதான் எனக்குச் சாமி. இப்பவே சொல்லிப்புட்டேன்."

"முனியய்யாவ வந்து ஒன் முதுகத் தொடைக்கச் சொல்லு. நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் சிரிப்பார். சிரித்தால் எச்சில் வழியும். அதையும் நீங்கள்தான் துடைப்பீர்கள்.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டி நானாகப் படித்துக்கொண்டவன். அதனால் பிரசங்கம் முடிந்ததும் அதில் குற்றம் கண்டுபிடிப்பது என் வழக்கம். கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று சொல்கிறார்களே, அதற்கு நாம் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லையே என்று ஒருமுறை உங்களிடம் கத்தினேன். நீங்கள் கருப்பையாவின் போர்வையை உதறிக்கொண்டிருந்தீர்கள். "சிலுவையில ஏறுனது அவருக்கு ஒருநா வேலை தம்பி. அதுக்கு நமக்கு வக்கில்ல. அதுக்கு மொத நா துண்டக் கட்டிக்கிட்டு சீடருக காலக் கழுவுனாரு பாருங்க, அது தெனசரி வேலை. நம்ம அதப் பாப்பம்" என்றீர்கள். அதற்குமேல் அதைப்பற்றி நீங்கள் பேசவில்லை. அதற்குமேல் எனக்கும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழன் சடங்கில் நம் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீடர்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்து ஃபாதர் காலைக் கழுவுவார்; அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் காரைக்குடியில் அழகு நிலையத்துக்கே போய்ப் பாதத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டு வருவார்கள். ஃபாதர் ஒவ்வொருவர் வலது காலிலும் ஒரு சிறங்கை தண்ணீர் ஊற்றி, புதுத் துண்டால் ஒற்றி எடுப்பார். துண்டில் கறை இருக்காது. இத்தனை வருடமாக அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. ஆண்டவர் கழுவியது புழுதியில் நடந்து வந்த கால்களை.

புதிதாக வந்த ஃபாதர் இளையவர். இந்த வருடம் உழைக்கிறவர்களை உட்காரவைப்போம் என்று அவர்தான் உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் யாரிடமும் எதுவும் கேட்காதவர். அன்று என்னிடம் கேட்டீர்கள், "நெசமாவே என் காலக் கழுவுவாகளா தம்பி?" என்று. தினமும் இன்னொருவரைத் துடைத்துவிட்ட கை உங்களுடையது. உங்களை யாரும் தொட்டுத் துடைத்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மதியமே பீர்க்கங்கூட்டை வைத்து வலது காலைத் தேய்த்திருக்கிறீர்கள். நம் வழக்கம் உங்களையும் விடவில்லை.

பீடத்துக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில் நடந்ததை நான் வாசலில் நின்று கேட்டேன். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத்தலைவர்தான் பேசினார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. திருவிழாவுக்கு ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு முதலில் வருகிறவர் அவர். எனக்கு ஆத்திரம் கூடுவதும் அதனால்தான்.

"ஆத்தா, கோவிச்சுக்கிறாதீக. புண்ணோட அங்க உக்காந்தா நல்லாருக்காது."

"வலது காலத்தான ஃபாதர் கழுவுவாக? புண்ணு இடது கால்ல இருக்கு. அதச் சேலைக்குள்ள இழுத்துக்கிறேன்."

"வாடை வருது ஆத்தா. போன்ல வேற நேரடியாப் போகுது. துபாய்ல இருந்தெல்லாம் பாப்பாக."

"துபாய் வரைக்குமா வாடை போகும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துணைத்தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அங்கியை வாங்கிக்கொண்டார். ஃபாதர் பூசை உடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்றார்.

பன்னிரண்டாவது நாற்காலியில் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த துணைத்தலைவரின் மருமகன் உட்கார்ந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது. பாடகர் குழு ஒரு சரணத்தைக் கூடுதலாகப் பாட வேண்டியிருந்தது.

நீங்கள் கடைசியில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுத்துணியை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் குனிந்து, "குடுங்கக்கா, நான் கழுவிவிடுறேன்" என்றேன். காலை இழுத்துக்கொண்டீர்கள். "தனியாக் கழுவிக்கிறதுக்கு வீட்டுல குழாய் இருக்கு தம்பி. அங்குட்டுப் பாருங்க, பூசை நடக்குது."

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவையை முத்தி செய்ய வாசல் வரை வரிசை நின்றது. துணைத்தலைவரும் அவர் மருமகனும் பாடகர் குழுவும் குனிந்து, ஆணி இறங்கிய காலில் வாய் வைத்தார்கள். அந்தக் காலிலும் புண்தான் இருக்கிறது. மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய புண் என்பதால் யாருக்கும் வாடை அடிக்கவில்லை. வரிசையின் முடிவில் நீங்களும் நொண்டிக்கொண்டு வந்து முத்தி செய்தீர்கள். உங்களால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் வரிசையில் சேரவில்லை. அந்தச் சிலுவையின்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வரிசையில் நிற்க எனக்குக் கால் வரவில்லை.

ஆடியில் முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தரையில் பாய் விரித்துப் போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் கொண்டு வந்து, தலைமாட்டில் நின்று ஜெபம் சொல்லிவிட்டு, கால் பக்கம் பார்க்காமல் போனார்கள். என்னைக் கண்டதும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "கருப்பையாவ யாரு பாக்குறா?" "நான்தான்" என்றேன். "முதுகப் பாருங்க. வெளிய தெரியாம உள்ள அழுகும்" என்றீர்கள். உங்கள் உடம்பிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மழை பிடிப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கத்துக்குக் கூட்டம் நல்ல கூட்டம். பிரசங்கத்தில் உங்களைத் தியாகச் சுடர் என்றார்கள். அந்த வார்த்தை உங்கள் காதில் விழுந்திருந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது உங்களுக்குக் கல் வைக்கப் போகிறார்களாம். கோயில் வாசல் குழாயடியில், உங்கள் படத்தோடு கறுப்பு கிரானைட். வருகிற பெரிய வியாழனன்று திறப்பு. கோயில் அறிவிப்புகளை நான்தான் எழுதுகிறேன் என்பதால் கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தையும் எழுதித் தரச் சொன்னார்கள். பேரவைக் கூட்டத்தில் எழுந்து, கல் எதற்கு என்று கேட்டேன்.

"அவுக செஞ்ச சேவைய நாளைக்குப் பிள்ளைக தெரிஞ்சுக்கிற வேணாமாண்ணே?" என்றார் துணைத்தலைவர்.

"சேவை இன்னும் முடியல. கருப்பையா அங்கதான் படுத்திருக்காரு. யாராச்சும் போய்ப் பாத்தீகளா?"

"அவரு நம்ம ஆளு இல்லையேண்ணே."

"அதையும் கல்லுல வெட்டச் சொல்லுங்க."

ஃபாதர் மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பெரியவரு வருத்தத்துல பேசுறாரு" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். வருத்தம் என்று பெயர் வைத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து துணைத்தலைவரோடு நான் பேசுவதில்லை.

நீங்கள் இருந்தால், "விடுங்க தம்பி" என்பீர்கள். விடமாட்டேன் அக்கா. உங்களுக்கு நேர்ந்ததை மன்னிக்க உங்களுக்கு உரிமை இருந்தது, மன்னித்தீர்கள். அந்த மன்னிப்பை எடுத்து இவர்கள் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள நான் விடமாட்டேன். கிறிஸ்துவின் பலியையும் இப்படித்தான் ஆக்கிவிட்டோம். அவர் பாடு பட்டுவிட்டார், நமக்குப் பாடினால் போதும் என்கிறோம். அவர் பட்டது, இன்னொருவன் படும்போது நாம் பக்கத்தில் போய் நிற்பதற்காக. இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கற்கவில்லை. கடைசி அறையில், ஈரத்துணியைப் பிழிந்து உங்கள் கையில் கொடுக்கும்போது கற்றேன். இன்று அந்தத் துணி என் கையில் இருக்கிறது. முன்போல் பிழிய வரவில்லை. வயதுதான்.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதன் பிரதி கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

கல் வேண்டாம். வாசகம் எழுத மாட்டேன், வேறு யாரும் எழுதவும் கூடாது. போன வருடம் ஒரு பெண்ணை அழைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினோம் என்று ஃபாதர் பீடத்தில் நின்று தம் வாயால் சொல்ல வேண்டும். துபாயில் இருப்பவர்களும் அதைக் கேட்கட்டும். இந்த வருடம் அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்கள் களத்திலிருந்து நேரே வர வேண்டும், வீட்டில் தேய்த்துக் கழுவிவிட்டு வரக்கூடாது. முன்வரிசையில் உட்காரும் டாக்டரம்மா மாதம் ஒருமுறை மில்லுக்கு வந்து அந்தப் பெண்களின் பாதங்களைப் பார்க்க வேண்டும், உணர்வு போவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கருப்பையாவின் அறையில் தலைமாட்டில் ஒழுகுகிறது, ஓடு மாற்றுவது இளைஞர் குழுவின் வேலை. அவர் சாமியைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

மிச்சம் இருப்பது கருப்பையாவின் முதுகு. தினமும் அவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒற்றை ஆளாக என்னால் இனி முடியாது. நேற்று பாதியில் நழுவவிட்டேன், அவர் தலை சுவரில் இடித்தது. பலமுள்ள ஒருவர் மாலையில் என்னோடு வர வேண்டும். நம் தெருவில் அப்படி இருக்கிறவர், ஜெனரேட்டரைத் தனியாகத் தள்ளுகிறவர், துணைத்தலைவர்தான். அவரைப் போய்க் கூப்பிட வேண்டியது நான். நாளைக்குப் போகிறேன். சமாதானம் பேசப் போகவில்லை. கால் பக்கம் அவர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.