அரணைக் குட்டியின் இடமாற்றம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அப்படியே என்று, உன்னிடமிருந்து மறுப்பு எதுவும் வராததால், எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை நாலரை மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், நீ எங்களிடம் விட்டுப்போன ஜோடி அரணைகளை ஹாலிலிருந்து உன் அறைக்கு மாற்றுவதென்று ஒருமனதாக முடிவு செய்தோம். இந்த வீட்டில் இதைவிடப் பெரிய முடிவு ஒன்றுதான் உண்டு, நீ வெளிநாடு போனது. அந்தக் கூட்டத்துக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. விஷயம் என்னவென்றால், பெண் அரணை போன மாதம் குட்டி போட்டது, முட்டை இல்லை, குட்டியேதான், ஒன்றே ஒன்று. ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவைத்த குறிப்பில் ஐந்தாவதாக, குட்டி பிறந்தால் உடனே பிரிக்கவும், தாய் தின்றுவிடும் என்றிருந்தது. முப்பது வருஷம் சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து பழகியவன் நான். பிரித்துச் சமையலறையில் பழைய மீன்தொட்டியில் வைத்தேன். அன்றிலிருந்து குட்டி எதையும் தின்னவில்லை, ஓட்டுத் துண்டுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. ஹாலில் தாய் தன் தொட்டியின் சமையலறைப் பக்கத்துக் கண்ணாடியையே பிறாண்டிக்கொண்டிருந்தது. மறதிக்காரர்களை அரணைப் புத்தி என்கிறோம், கடிக்க வந்ததையே மறந்துவிடுமாம். இது பதினோரு நாள் மறக்கவில்லை. எனக்கோ உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் போய்ப் பார்க்கத் தோன்றியது. நீங்களும் ஒரு பக்கம் பிறாண்டுங்களேன், சேர்ந்து பண்ணா சீக்கிரம் முடியும் என்றாள் உன் அம்மா.

பன்னிரண்டாம் நாள் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இது குடும்பமா இருக்கற வகைங்க, ஒரு வருஷமாவது அப்பா அம்மா கூட இருந்தாத்தான் பயம் தெளியும், யாருங்க பிரிக்கச் சொன்னது என்றார். எங்க பையன் என்றேன். அவர் எங்க இருக்கார் என்றார். சொன்னேன். கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க என்று குட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வந்ததும் சேர்த்துவிட்டோம், தின்ன வந்தால் தடுக்க உன் அம்மா துடைப்பத்தோடு காவல். தாய் நாக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்தது, நகர்ந்து சூட்டு விளக்கடியில் இடம் விட்டது. அரை மணியில் குட்டி ஒரு பூச்சியைத் தின்றது. இருக்கட்டும் இங்கயே, அதுக்கென்ன வேலையா வெட்டியா என்றாள் அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டு. மூன்றுக்கும் ஆறடித் தொட்டி வேண்டுமாம். ஆறடி இடமும் காலை வெயிலும் சேர்ந்து கிடைப்பது உன் ஜன்னலோரம் மட்டுமே.

வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நலமும் நல்ல துணையும் உனக்குக் குறைவின்றி இருக்கட்டும். விடுமுறைக்கு வரும் தேதியை மறக்காமல் எழுது.

அப்பா

பி.கு. உன் கட்டிலை எதிர்வீட்டுத் தையற்காரர் இன்று காலை எடுத்துப்போனார்.