பட்டைக் குழியில் கிடைத்த சைக்கிள் மணி

சகல ஜனங்களுக்கும், குறிப்பாக இப்போது இந்தப் பூமியில் நடமாடாத ஜனங்களுக்கும், மிகுந்த மரியாதையுடன் அறிவிப்பது யாதெனில்: பத்து நாளாகக் காணாமல் போயிருந்த சைக்கிள் மணியின் மூடி ஒன்று, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நேற்றுப் பிற்பகல் கண்டெடுக்கப்பட்டது. மணிக்கு உயிர்ச்சேதம் இல்லை. நிறம் மட்டும் கறுத்திருக்கிறது. யாரும் கூட்டம் கூடி ஆரவாரம் செய்ய வேண்டாம்.

சிரிக்கிறாயா, தோஸ்து? நீ சிரித்தால் உயிரோடு இருந்தபோதே சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

அந்த மூடி இப்போது என் எதிரில், பாலாற்று மணலில் கிடக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு லீவு. எடுத்து மோந்து பார்த்தேன். ஆவாரம்பட்டை வாசனை. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை, நானாவது ஓடுகிறேன்.

உன்னை நாலே நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தோல் ஊறும் பட்டைக் குழியில் இறங்கும், எட்டுப் பேர் கொண்ட நம் குழிக்கூட்டம் ஏழானது. நீ தலை ஆளாக இருந்த இடத்துக்கு யாரை வைப்பது என்று மேஸ்திரி பாய் யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார். நான் ஏதோ குறும்புக்கு உதை விழப்போகிறது என்று தயாராக நின்றேன்.

"அவன் காய்ச்சல்ல கெடக்கறப்ப ஒம் பேரச் சொன்னான். அதுக்கோசரம் குடுக்கறேன். பெருநாள் வரைக்கும் பாப்பேன். கூட்டம் ஒங்கிட்ட நிக்கலேன்னா ஆளுக்கொரு குழியாப் பிரிச்சுடுவேன். கன்னியப்பன எவனும் சேத்துக்க மாட்டான். அவன் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

கன்னியப்ப அண்ணனின் முழங்கால் உனக்குத் தெரியும், அது மடங்காது. அவர் குழியில் இறங்குவதற்குள் நாம் இரண்டு தோலைப் புரட்டிவிடுவோம். வீட்டில் நாலு பெண் குழந்தைகள். அந்த நாலு வயிறும் என் வாய்ச்சாலக்கில் தொங்கும் என்று யார் கண்டது?

நீ எப்படிச் செய்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் வேட்டியை மடித்துக் கட்டுவாய். குழியின் சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு இறங்கிவிடுவாய். அடுத்த மூச்சுக்குள் ஏழு பேரும் இடுப்பளவு பட்டைத் தண்ணீரில் நிற்போம். "ஏன்டா, வாயத் தொறந்து சொன்னா இன்னா?" என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாருக்கும் சேத்து நீதான் பேசறியே" என்றாய்.

இன்னொன்றும் உண்டு. ஒரு தோல் கிழிந்தது. மேஸ்திரி பாய், "யார் மேல குத்தம்?" என்று கத்தினார். யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், "என் மேலதான் பாய்" என்றாய். உன் வழக்கமே அது. குற்றத்தை முதலில் நீ வாங்கிக்கொள்வாய், ஆளை அப்புறம் தேடுவாய். கிழித்தவன் நான். சாயங்காலம் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னாய்: "ஒனக்கு வாய் ஜாஸ்தி, காது கம்மி. கிழியற சத்தம் கேக்கலியா?"

எனவே நானும் நீயாக மாறுவது என்று முடிவு செய்தேன். வாயைக் கட்டினேன். வேட்டியை மடித்தேன். இரண்டு தட்டு. இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் குழியில் நான் மட்டும், கரைக்க இறக்கிய பிள்ளையார் மாதிரி நிற்கிறேன். மேலே ஆறு பேரும் என்னையே உற்றுப் பார்க்கிறார்கள். பட்டை இடிக்கும் முனியம்மா அக்கா உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாடா, பல்லு வலியா?" என்று கேட்டாள். கன்னியப்ப அண்ணன் மறுநாள் கிராம்பு கொண்டுவந்தார். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். மூன்று நாளும் கிராம்பு தின்றேன்.

அடுத்து, பயமுறுத்திப் பார்த்தேன். மேஸ்திரி பாய் வருவதற்குப் பத்தடி முன்னால் அவருடைய இருமல் வருமல்லவா? சுவருக்குப் பின்னால் நின்று அதை அச்சாக இருமினேன். கூட்டம் அலறிப் புடைத்துக்கொண்டு குழியில் குதித்தது. இரண்டு நாள் பிரமாதமாக வேலை நடந்தது. மூன்றாம் நாள் இருமல் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. கன்னியப்ப அண்ணன் வெற்றிலையை மென்றபடி, "டேய் கோமாளி, இருமினது போதும், வந்து தோலப் புடி!" என்றார்.

சுவருக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி பாயின் தாடி வெளியே வந்தது.

"பெருநாளுக்கு இன்னும் மூணு வாரம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து நின்றால் நடக்கத் தோன்றும், நடந்தால் ஓடத் தோன்றும்.

அப்போதுதான் முதலாளி வீட்டுக் குப்பையில் இந்த மணி மூடியைப் பார்த்தேன். ஒரு ஆணியால் அடித்தால் கணீரென்றது. ஒரு அடி, இறங்கு. இரண்டு அடி, புரட்டு. மூன்று அடி, தூக்கு. ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டார் போ! கூட்டமும் இறங்கியது, புரட்டியது, தூக்கியது. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை, வண்டி வந்தால் போய்விடுகிறவர்கள் மாதிரி. அந்த மணியும் ஒரு வாரத்தில் எங்கேயோ தொலைந்தது. அதை விடு. பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

மணி தொலைந்த மறுநாள் காலை தோலைத் தூக்கினால், நாற்பது ஆட்டுத் தோலிலும் கறுப்புப் புள்ளி, திட்டுத் திட்டாக. யாரோ இரும்போடு இறங்கியிருக்கிறார்கள். பட்டைத் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் மைதான் என்று நம் ஷாப்பில் பிறந்த பூனைக்கும் தெரியும். நீ தினமும் ஒவ்வொருவர் இடுப்பையும் பார்ப்பாயே, சாவி, கத்தி, காப்பு எல்லாம் கழற்றியாயிற்றா என்று.

"எவன்டா இரும்போட எறங்கினவன்?" என்றார் மேஸ்திரி பாய். அவர் கண் ஒவ்வொரு இடுப்பாகப் போய்க் கன்னியப்ப அண்ணன் இடுப்பில் நின்றது. அண்ணன் கையிலிருந்த தோலை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் போனேன். "என் மேலதான் பாய்."

சத்தியமாகச் சொல்கிறேன், குரல் நடுங்கியது. முனியம்மா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்டியே அவன் கொரலுடா" என்றாள். எல்லோரும் உன்னைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி பாய் தாடியைத் தடவினார். "சாயங்காலத்துக்குள்ள கறை போவணும். போனா கூட்டம் இருக்கட்டும்."

கூடை எலுமிச்சம்பழம் வந்தது. நான் ஒருவனே தேய்க்கிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. மயிர் நீக்கும் சுண்ணாம்பில் வெடித்த விரல்களில் எலுமிச்சைச் சாறு பட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் பல்லைக் கடித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எரியுது எரியுது வெரலு எரியுது, மேஸ்திரி மனசு குளுகுளுங்குது!" என்று எடுத்துவிட்டேன். முனியம்மா அக்கா சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொருவர் பேரிலும் ஒரு வரி கட்டினேன். கன்னியப்ப அண்ணன் முழங்காலுக்கு மட்டும் மூன்று வரி. யார் கை சோர்கிறதோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோலையும் சேர்த்துத் தேய்த்தேன். வெயில் சாய்வதற்குள் நாற்பதும் வெளுத்துவிட்டன.

அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், உன் வழி முன்னால் இறங்குவது, என் வழி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வைப்பது. அது எனக்கு யாரும் கற்றுக்கொடுக்காமல் வருகிறது. காய்ச்சல் கட்டிலில் உன்னிடம், "ஒன்ன மாதிரி என்னால முடியாதுடா" என்று அழுதபோது, "என்ன மாதிரி செஞ்சா ரெண்டு பேரும் ஒரே குழில விழுவோம்" என்றாயே, அதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இந்தப் பத்து நாளாக நான் கூப்பிட்டால் வருகிறார்கள், முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஷாப்பு முழுக்க என் பேச்சுதான். பேரணாம்பட்டு வரைக்கும் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் உன்னைவிட நான் ஒரு பிடி மேல் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் கன்னியப்ப அண்ணன் என்னைப் பட்டைக் குவியலுக்குப் பின்னால் கூப்பிட்டார். துண்டு முடிச்சை அவிழ்த்து, "இந்தா" என்றார்.

இந்த மூடி.

"எங்கண்ணே இருந்துச்சு?"

"குழில. தோலுக்கு அடில."

"எப்ப கெடச்சுது?"

"அன்னிக்கே. மொதத் தோலத் தூக்கினப்பவே."

அவர் விரல்களைப் பார்த்தேன். வெடிப்பு இன்னும் ஆறவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே அன்று முழுக்க எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார். மேஸ்திரி கண் தன் மேல் நின்றபோதும் மடியிலிருந்ததைக் காட்டவில்லை.

"ஏண்ணே சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். நொண்டிக்கொண்டு நாலடி போனவர் திரும்பினார். "இனிமே எனக்கு மணி அடிக்காத. கூப்புடு, வர்றேன்."

ஆகவே, தோஸ்து, மேலே கண்ட வீர வரலாற்றில் ஒரு சின்னத் திருத்தம். அந்த இரும்பு என் இடுப்பிலிருந்துதான் நழுவியது. முந்தின சாயங்காலம் குனிந்தபோது 'ப்ளக்' என்று சத்தம் கேட்டது. அன்றைக்குக் காது கம்மி இல்லை. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பி நின்றார்கள். தலை ஆளே இரும்போடு இறங்கினான் என்று சொல்ல வெட்கம். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "என் மேலதான்" என்று நான் சொன்னபோது நடுங்கிய குரல் உன் குரல் இல்லை, திருடன் குரல். நான் சொன்ன ஒரே நிஜத்தைக் கூட்டம் தியாகம் என்று எடுத்துக்கொண்டது, நானும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் இந்த மூடியைக் கொட்டாங்கச்சியில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு ஊறப்போட்டேன். நன்றாகக் கறுத்தது. இந்த மடலின் மை அதுதான்.

நாளைக் காலை, குழியில் இறங்குவதற்கு முன்னால், மற்ற ஐந்து பேரிடமும் முனியம்மா அக்காவிடமும் சொல்ல வேண்டும். மேஸ்திரி பாயிடமும். மணலில் நடந்து நடந்து ஒத்திகை பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் எதுகை மோனையோடு வேடிக்கைக் கதையாகவே வருகிறது. நீயாக இருந்தால் இரண்டே சொல்லில் முடித்திருப்பாய்.

எனக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியும். அவற்றைச் சொல்லிவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியவில்லை.