அழுது வடிந்த மீட்டர் விளக்கு

என்னங்க, எந்நேரமும் "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்களே, இன்றைக்கு நான் கூப்பிடுகிறேன்.

உங்கள் அம்பாசிடர் நன்றாக இருக்கிறது. முதலில் அதைத்தானே கேட்பீர்கள்? நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் போன பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, தங்கச்சியைப் பார்க்க நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். சிரிக்காதீர்கள், உங்களை விட மெதுவாகத்தான் போகிறேன்.

போன மாதம் திரும்பி வரும்போது விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிட்டது. மீட்டர் விளக்குதான் எப்போதும் அழுது வடியுமே, எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் ஏறினது கண்ணுக்கே தெரியவில்லை. பானெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் பதறி ஓரங்கட்டினேன். நம் முரளி வந்து அழைத்துப்போனான். ரேடியேட்டரில் இருந்த ஓட்டையை மறுநாளே அடைத்தாயிற்று.

உங்கள் பிள்ளை இல்லையா, கோபத்தைக்கூட அமைதியாகத்தான் சொன்னான். வண்டியை விற்றுவிடலாம், சித்தி வீட்டுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க ஆளும் வரச்சொல்லிவிட்டான். பயந்துபோய்ச் சொல்கிறான், தப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு எப்போது லீவு என்று பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாதுங்க. நினைத்தால் கிளம்ப வேண்டும். நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையிலேயே மெக்கானிக் சலீம் கடைக்கு ஓட்டிப்போனேன். விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும், முள் தெரிய வேண்டும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றேன். அவர் மீட்டரைக் கழற்றினார். எர்த் ஒயரில் துரு. உள்பக்கம் அடித்திருந்த வெள்ளை பெயின்ட் மஞ்சளாகிப் போயிருந்தது. அதையெல்லாம் சுரண்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அக்கா, இது வண்டிக்கு வயசாகி வந்த கோளாறு மட்டும் இல்ல. இடது பக்கமா பாத்து யாரோ கறுப்பு டேப்பு ஒட்டி வச்சிருக்காங்க. வேணும்னே பண்ண வேலை. எடுத்துடவா?"

இடது பக்கம் என்றால் என் பக்கம். நம் வண்டியில் மீட்டர் நடுவில் அல்லவா இருக்கிறது, வெளிச்சம் நேராக என் முகத்தில்தான் விழும். தங்கச்சி வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் மயிலம் தாண்டுவதற்குள் நான் தூங்கிப்போவேன். அதற்காகவா அந்த அரை வெளிச்சத்தில் இத்தனை வருஷம் ஓட்டினீர்கள்? முள் தெரியாமல் எப்படிங்க ஓட்டினீர்கள், எஞ்சின் சத்தத்தை வைத்தா? எப்போது ஒட்டினீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சலீம் பாவம், டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"எடுத்துடுங்க தம்பி. இப்ப முள்ளப் பாக்க வேண்டியவ நான்தான்."

அன்று சாயங்காலமே முரளியை இடது சீட்டில் உட்காரவைத்துத் திண்டிவனம் போய் வந்தேன். இருட்டியதும் விளக்கைப் போட்டேன். ஒவ்வொரு எண்ணும் தெரிகிறது. முரளி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் போனை எடுத்து, நாளைக்கு வர வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீயே வச்சிக்கோம்மா. ஆனா இந்த லைட்டு என் மூஞ்சிலயே அடிக்குது, பேஜாரா இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ரோட்டைப் பார்க்க வேண்டுமே, துடைத்துக்கொண்டு ஓட்டினேன். டேப் விஷயத்தை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அது எனக்கே இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் அந்த ரோட்டில் நான் கண்ணயர மாட்டேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
செல்வி