பால்காரர் வீட்டில் கடுங்காப்பி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் புழுக்கம், மதியம் தூறல். துணியை இரண்டு முறை கொடியிலிருந்து எடுத்து இரண்டு முறை போட்டாயிற்று.

என் மகள் யாழினிக்கு மூன்று மாதம் முடிந்தது. கன்னத்துக் கரப்பான் தடிப்பு குறையவில்லை, கழுத்து மடிப்புக்கும் இறங்கிவிட்டது. இன்று மலத்தில் சளி. கூடவே நூல் மாதிரி ரத்தம். என் வீட்டுக்காரர் குமார் உடனே வண்டியை எடுத்தார். கள்ளக்குறிச்சி, குழந்தை டாக்டரம்மா.

தாய்ப்பால் மட்டும்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று அடுத்த கேள்வி. காலையில் ஒரு சொம்பு பால், மதியம் கெட்டித் தயிர், சாயங்காலம் காப்பி, படுக்கும் முன் மறுபடி பால். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு. மாட்டுப்பாலில் இருக்கும் புரதம் கொஞ்சம் என் பாலிலும் வருமாம். சில குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாதாம். என் பாலை நிறுத்தவே கூடாது, நான்தான் சில வாரம் மாட்டுப்பாலை நிறுத்த வேண்டும்.

நிறுத்த வேண்டியவை: பால், தயிர், மோர், நெய், பால்கோவா, பிஸ்கட். சாப்பிட வேண்டியது: கால்சியம் மாத்திரை.

குமாருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகமாட்டார். இவளுக்கும் வருமா என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் வந்தார் என்று தோன்றியது.

"அப்பாவுக்கு இருந்தா வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்திதாங்க. தாய்ப்பால் குடுத்தா அது கம்மியாகலாம். கேரண்டி தரமாட்டேன். குடுக்கிற வரைக்கும் நிறுத்தாம குடுங்க."

வீட்டில் புகை கூடாது என்றும் சொன்னார்.

ஜூன் 4, புதன்

மாமாவிடம், அதாவது குமாரின் அப்பாவிடம், சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு மாடு. இரண்டு வேளையும் தானே கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற மனிதர். அத்தை இறந்து பல வருடம். நான் பிள்ளை பெற்று வந்த நாளிலிருந்து காலைப் பாலைக் காய்ச்சி என் கையில் கொடுப்பது அவர்தான்.

சொம்பை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வூட்டுக்கு வந்தவங்க ஒருத்தரும் பாலு குடிக்காம போனதில்லமா. பாலே ஆவாதுன்னா இன்னா அர்த்தம்?"

எனக்கும் அர்த்தம் சரியாகத் தெரியாது, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் சாயங்காலம் கொட்டகையில் கொசுவுக்குப் போடும் புகை மூட்டத்தை வேலி ஓரம் தள்ளிப் போட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

உளுந்தூர்பேட்டையிலிருந்து நாத்தனார் வந்தார். கையில் பால் பவுடர் டப்பா. என் பால்தான் குழந்தைக்குச் சேரவில்லை, அதை விட்டுவிட்டு இதைக் கலக்கிக் கொடு என்றார். கெட்ட எண்ணம் இல்லை. குழந்தையைப் பார்த்து அழுதே விட்டார்.

டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து படித்தோம். மாட்டுப்பால். நாத்தனார் மூடியை இறுக்கி மூடினார்.

"சரி, இத நான் டீக்குப் போட்டுக்கிறேன்" என்று பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது.

நான் சாப்பிட்டது: களி, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, வெல்லம் போட்ட கடுங்காப்பி. வெள்ளிமலையிலிருந்து அம்மா பஸ்ஸில் சாமை கொடுத்தனுப்பியிருக்கிறாள். மலையில் எங்கள் வீட்டில் பாலே வாங்கியதில்லை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் தயிர்ச்சோற்றுக்கு அடிமையானேன். அதுதான் கஷ்டம். மதியம் ஆனால் நாக்கு கேட்கிறது.

ஜூன் 19, வியாழன்

கன்னம் தெளிந்துவிட்டது! ரத்தம் இல்லை, சளி இல்லை. அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள், நன்றாக ஏறியிருக்கிறது. என்ன கொடுக்கிறாய் என்று டீச்சர் கேட்டார். என்னைத்தான் கொடுக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். "தாய்ப்பால்தாங்க" என்றேன். வரும் வழியெல்லாம் அந்தத் தொடை மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவும் என்னிடமிருந்து போனது.

டாக்டரம்மா ஒன்று சொல்லியிருக்கிறார்: உறுதி செய்ய, நான் மறுபடி பால் குடித்துப் பார்க்க வேண்டும். பயம்.

ஜூன் 22, ஞாயிறு

மாமாவே கொண்டுவந்தார். செவலை மாட்டுப் பால், நுரையோடு காய்ச்சியது. நான் குடித்து முடிக்கும்வரை வாசல்படியிலேயே நின்றார். ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார் என நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால், அமிர்தமாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

கன்னம் சிவந்துவிட்டது. சளி. மதியம் முழுக்க அழுகை. மாமா தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தார். அவள் தூங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குமாரு ரெண்டு மாசத்துப் புள்ளயா இருக்கச்சொல்ல அவங்கம்மாவுக்கு மஞ்சக்காமால. பாலு வத்திப்போச்சி. நான்தான் பசும்பால்ல தண்ணி கலந்து ஊத்தினேன். அதனாலதான் அவனுக்கு இளைப்பு வந்துச்சாம்மா?"

எத்தனை வருடமாக இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்? இல்லை, இன்றுதானா?

ஜூன் 27, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனோம். மாட்டுப்பால்தான் காரணம் என்பது உறுதி. மறுபடி நிறுத்தியாயிற்று. வளர வளரப் பெரும்பாலும் சரியாகிவிடுமாம்.

மாமா கேட்டதையும் கேட்டேன். அப்படி ஒன்றைக் காட்டி இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். பரம்பரை, புகை, சளிக் காய்ச்சல் என்று எத்தனையோ. பிறகு, "அன்னிக்கு அவர் அத குடுக்கலன்னா உங்க வீட்டுக்காரர் ஏதுங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து வார்த்தை மாறாமல் மாமாவிடம் சொன்னேன். கிணற்றடிக்குப் போய்ப் பால் கேனை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அடுப்பு பற்றவைத்தார். எனக்குக் கடுங்காப்பி. வெல்லம் அதிகம். முழுதும் குடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். தியாகதுருகத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. யாழினிக்குப் பச்சைக் கவுன். கன்னம் பளிச்சென்று இருக்கிறது. ஆளாளுக்குத் தூக்கினார்கள்.

பந்தியில் என் இலைக்குப் பாயசம் வந்தது. எதிர் வரிசையிலிருந்து மாமா கையைக் காட்டித் தடுத்தார். மோரையும் தடுத்தார். ரசத்தை மட்டும் விட்டார்.

பரிமாறிய பையன் ஒருவன் கேலியாகக் கேட்டான்: "இன்னா பெரியப்பா, பால்காரர் மருமவளுக்கே மோர் கெடையாதா?"

மாமா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எம் பேத்திக்கோசரம் எல்லாத்தையும் வுட்டுட்டு பாலு குடுத்துக்கினு கீறா. எங்க வூட்ல இப்ப பால்காரி அவதான்டா."

குமார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடு. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.