கத்தரிக்கோல் இல்லாத கைவினைப் பெட்டி

மதினி,

இன்று காலை மைதாப் பசை கிண்டினேன். கொதிக்கும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டால் ஒரு வாடை எழும்புமே, பாதி கஞ்சியும் பாதி செம்புமாக, அது இன்னும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் பசை கிண்டியது கிடையாது. இன்று கிண்ட வைத்தது உங்கள் மகள் கார்த்திகாதான்.

நீங்கள் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தால், வெளியூர்க்காரர்கள் முதலில் "வெடி விபத்தா?" என்பார்கள். இல்லை, மஞ்சள் காமாலை என்று சொன்னால் கொஞ்சம் ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்த்திகா அந்த மாதிரி நேரத்தில் எழுந்து போய்விடுவாள். நான் உங்கள் பேச்சை எடுத்தாலும் அப்படித்தான். கொடியில் கிடக்கும் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் வாயிலிருந்து 'அம்மா' என்ற சொல் வந்து வெகுநாளாகிவிட்டது.

படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு ஒரு வழி கிடைத்தது. ஏழாயிரம்பண்ணையில் ஒரு மகளிர் மன்றத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் கைவினை வகுப்பு நடத்த ஆள் தேடினார்கள். வருகிறவர்கள் எல்லாம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள். ஒரு ஞாயிறு எடுத்துப் பார்க்கட்டும், வந்தவர்களுக்குப் பிடித்தால் வாராவாரம் அவளே நடத்தட்டும் என்றார்கள். இல்லாவிட்டால் அண்ணன் சொல்லி வைத்திருக்கும் தாயில்பட்டி பட்டாசு கம்பெனிக்கு வேன் ஏற வேண்டும். "எனக்கு அங்க போக இஷ்டமில்ல அத்தை. இத விட்டா எனக்கு வேற வழியும் தெரியல" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அதற்காக ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினாள். மேலே 'தேவையானது அனைத்தும் இதில்' என்று அச்சடித்திருந்தது. என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, மூடியிருப்பதைத் திறந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வளைந்து வெட்டும் கத்தரி, நெளிநெளியாக வெட்டும் கத்தரி, கட்டர், பிரஷ், ரிப்பன், உருளும் கண்கள், டப்பா டப்பாவாக ஜிகினாத் தூள், கரண்டில் சூடாகிப் பசையை உருக்கித் துப்பும் ஒரு துப்பாக்கி. ஒவ்வொன்றாக எடுத்து இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டேன். இவ்வளவும் நிஜமாகவே தேவையா என்ற சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

ஏனென்றால் உங்கள் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். பட்டாசு அடைத்து வரும் அட்டைப் பெட்டிதான். உள்ளே தேய்ந்துபோன மர ஸ்கேல், மூங்கில் குச்சி, முறுக்கு நூல், ஓரம் மழுங்கிய பித்தளைத் தகடு, ஒரு ஈரத்துணி. இரும்பு என்று ஒரு குண்டூசிகூட இருக்காது. இரும்பு உரசினால் பொறி பறக்கும், வெடிமருந்து அறையில் அது ஆகாது என்ற சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து விட்டீர்கள். காகிதத்தை மடித்து, மடிப்பில் ஈர நூலை ஓட்டி, இரண்டு கையாலும் மெல்லப் பிரிப்பீர்கள். கத்தரியில் வெட்டியது போல வராது, ஓரத்தில் பஞ்சு மாதிரி பிசிறு நிற்கும். அந்தப் பிசிறையே நீங்கள் செய்யும் காகிதக் கொக்குக்கு இறகாக்கினீர்கள். வெம்பக்கோட்டை அணையில் நிற்குமே, அந்தக் கொக்கு.

ஒருமுறை மதுரையிலிருந்து உங்களுக்கு ஒரு புதுக் கத்தரியும் வெள்ளி ஜிகினாப் பாக்கெட்டும் வாங்கி வந்தேன். கொக்கு மினுங்கட்டுமே என்ற ஆசைதான். நீங்கள் கத்தரியை உத்தரத்தில் செருகினீர்கள். பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் கையை முழங்கை வரை கழுவினீர்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"மதினி, அது பட்டாசுக்குப் போடுற அலுமினியப் பவுடர் இல்ல. பிள்ளைக ஒட்டி விளையாடுறது. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் மாரி. இந்தக் கைக்குத் தெரிய மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" என்றீர்கள். 

போன ஞாயிற்றுக்கிழமை கார்த்திகாவுக்குத் துணையாக நானும் போனேன். அவள் நீள மேசை போட்டு, தட்டுகளில் வெள்ளி ஜிகினாவைக் கொட்டி, தட்டுக்குத் தட்டு ஒரு கத்தரி வைத்தாள். பசைத் துப்பாக்கியைச் செருகிச் சூடாக்கினாள். பார்க்க அம்புட்டு அழகாகத்தான் இருந்தது. பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் வாசல் இரும்புக் கதவைக் கையால் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். கம்பெனியில் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே அறைக்குள் போவார்கள், அந்தப் பழக்கம். கூடத்துக் காவலாளி என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தவர்கள் மடியில் கையைக் கட்டிக்கொண்டார்கள். கார்த்திகா பேசுகிறாள், செய்து காட்டுகிறாள், ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. அவள் குரல் கம்மிக்கொண்டே போனது. போச்சு, இனி வேன்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஓர் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தப்பா நெனைக்காத பாப்பா. வெள்ளிப் பவுடருக்குப் பக்கத்துல இரும்பு கெடக்கு, அங்கன என்னமோ பொகையுது. எங்களுக்கு இங்கன உக்காரவே மனசு கொள்ளல."

"அது வெறும் ஜிகினாக்கா" என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் துப்பாக்கியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். கத்தரிகளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய் வைத்தாள். ஜிகினாவை டப்பாவில் போட்டு மூடி, மேசையை ஈரத்துணியால் துடைத்து, குழாயடியில் முழங்கை வரை கையைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை மடித்து, என் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நனைத்து, மடிப்பில் ஓட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது பார்த்தாள், மதினி? நீங்கள் உட்கார்ந்து செய்தபோதெல்லாம் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் செல்போனை நோண்டிக்கொண்டல்லவா இருந்தாள்.

தாளைக் குழலாகச் சுற்றினாள். உடனே அந்த அக்கா சிரித்தார். "பட்டாசுக் குழல் சுத்தவா எங்களக் கூப்பிட்ட? வாரம் பூரா அதத்தான சுத்துறோம்."

"கொக்கு சுத்திருக்கீகளா?" என்றாள் இவள். குழலை ஈரமாக்கி, நூலைச் சுற்றி, கழுத்தை வளைத்துக் காட்டினாள்.

அப்புறம் பார்க்கணுமே. கை கையாக மேசைக்கு வந்தது. இவள் ஒன்று முடிப்பதற்குள் அவர்கள் மூன்று முடித்தார்கள். ஒருத்தி கொக்கு வாயில் மீன் வைத்தாள், இன்னொருத்தி குஞ்சு வைத்தாள். டியூபில் வந்த பசை பிசுபிசுக்கிறது, மைதாப் பசை கொண்டுவா என்று அதட்டினார்கள். எழுந்து போகும்போது, "எல்லாம் வெள்ளையாவே இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம கலரு கொண்டா பாப்பா, நேரத்தோட வந்துருதோம்" என்றார் அக்கா. மன்றத்து அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வகுப்பு கார்த்திகாவுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கலர்த்தாள் வாங்க நேற்றுச் சாயங்காலம் சிவகாசி போனோம். கடை அண்ணாச்சி தாள்களை விசிறி விரித்து, "என்ன கலர் பாப்பா வேணும்?" என்றார். அவள் ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அம்மாவுக்கு எந்தக் கலர் புடிக்கும்?"

மதினி, உங்களிடம் நான் எதைத்தான் கேட்காமல் விட்டேன்? குழம்பில் என்ன போட்டீர்கள், அண்ணனிடம் எதைப் பார்த்து மயங்கினீர்கள், சாமியிடம் என்ன வேண்டினீர்கள் என்று வரைக்கும் நோண்டியிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை. கம்பெனிக்குக் கட்டியது கிடைத்த நூல்சேலை. விசேஷத்துக்குக் கட்டியது அடுத்தவர் எடுத்துக் கொடுத்தது. நீங்களாக ஒரு கலரைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததே இல்லை. "தெரியலையே கண்ணு" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பி, "அப்ப எல்லாக் கலர்லயும் குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கலர்த்தாள் கட்டைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஊர் வரும் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.