நாளுக்கொரு சட்டை

பிப்ரவரி 3

என் அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? உன் அக்கா ஓவியம் கற்றுக்கொள்கிறாள், சிரிக்காதே. எண்ணெய் வண்ணத்தில் ஒரு வசந்தகாலக் காட்சி. ஆற்றங்கரை, பூத்துக் கிடக்கும் மரங்கள். ஆசிரியை பொல்லாதவள். கறுப்பைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள். "நிழல்ல நீலம் இருக்கு, ஊதா இருக்கு, நல்லாப் பாருங்க. கறுப்பு எங்க இருக்கு?" என்கிறாள்.

கிளை, இலை என்று வரையக்கூடாதாம். வெளிச்சத்தைத் தீற்றல் தீற்றலாக வைக்க வேண்டுமாம். ஒவ்வொரு தீற்றலுக்கும் தூரிகையைத் துடைக்காவிட்டால் எல்லாம் சேறு. துடைத்தே நாளுக்கொரு சட்டை போகிறது. ஆமாம், உன் அத்தானின் சட்டைகள்தான். அவர் போய் ஒரு வருஷமாகிறது. இன்னும் எத்தனை நாள் மடித்து மடித்து வைப்பது?

ஆளிவிதை எண்ணெய் வாடைதான் தொல்லை. கீழ்வீட்டுக்காரர் தினமும் படியேறி வந்து முறைக்கிறார். என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

ஒரு வருஷமாக ஒற்றை வரியில் எழுதியவளா இவ்வளவு எழுதினாய்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கீழ்வீட்டுக்காரர் கிடக்கிறார். நீ துடைத்த துணிகளை விரித்துப் போட்டிருப்பாய், அதுதான் வாடை. எல்லாவற்றையும் சாக்கில் அமுக்கித் திணி, வாயை இறுக்கிக் கட்டு, மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டு. தீர்ந்தது தொல்லை. மூளை யாருக்கு? உன் தம்பிக்கு!

படம் எனக்குத்தான் வர வேண்டும்.

உன் தம்பி

பிப்ரவரி 26

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். வாடை நின்றது. கீழ்வீட்டுக்காரர் சிரிக்கக்கூடச் செய்தார், பல் இருக்கிறது!

ஒன்று சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். நேற்று அலமாரிக்குள் கை விட்டேன். சாக்கு கதகதவென்றிருந்தது. உன் அத்தான் அப்போதுதான் கழற்றிப் போட்ட சட்டை மாதிரி. அக்காவுக்குக் கழன்றுவிட்டது என்று நினைக்காதே. இங்கே குளிர் விட்டபாடில்லை. அதன்மேல் கன்னத்தை வைத்து நன்றாக அழுதேன். மனசு லேசாகிவிட்டது.

அக்கா

மார்ச் 3

அக்கா,

படித்த கையோடு சாக்கை வெளியே எடு.

எங்கள் பட்டறை பெயின்டரிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. "சூடா இருக்கா? ஐயையோ! அந்த எண்ணெய் காயுறப்போ தானா சூடேறும் சார். அமுக்கி வெச்சா தீக்குச்சியே வேண்டாம், பத்திக்கும். பிரிச்சுத் தண்ணியில முக்கச் சொல்லுங்க" என்றார்.

அது அத்தான் இல்லை, அக்கா. தந்தி ஆபீஸை இன்றைக்கு மூடிவிட்டார்கள். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

தம்பி

மார்ச் 3

என் செல்லத் தம்பி,

படம் முடிந்தது! ஆசிரியை கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் வெளிச்சம் வந்திருக்கு" என்றாள். காயக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஈரத்தோடே கட்டி, இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்து இப்போதே தபாலில் சேர்க்கப் போகிறேன்.

காலையிலிருந்து ஏதோ தீய்ந்த வாடை. கீழ்வீட்டில் அடுப்பை மறந்திருப்பார்கள். இந்தத் தடவை நான் இறங்கிப் போய் முறைக்கிறேன்.

சாக்கு இப்போதெல்லாம் நன்றாகவே சுடுகிறது. அலமாரியில் வீணாகக் கிடப்பானேன்? இன்று முதல் கட்டிலில், என் கால்மாட்டில். ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குவேன். எல்லாம் உன் யோசனை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

படம் வந்துவிட்டது. நிழலெல்லாம் ஊதா, நீ சொன்னபடியே. மரங்களுக்கு நடுவே இவ்வளவு வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவந்தாய்?

தந்தியும் திரும்பி வந்துவிட்டது. கொடுக்க முடியவில்லை, அந்த எண்ணில் இப்போது வீடு இல்லை என்று ஒரு சீட்டு.

ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தெரு பெயரைத் தப்பாகப் படித்திருப்பார்கள், நீ கதவைத் திறந்து என்னைத் திட்டுவாய். திட்டு அக்கா. அமுக்கிக் கட்டு என்று எழுதியவன் நான்தானே.

படம் இன்னும் காயவில்லை. என் கையெல்லாம் ஊதா. துடைக்கத் துணியை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன்.

தம்பி